ஒரு மாதமும் இருபது வருடமும்

இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. சட்டத்தின் பாதுகாப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் உரியது என்கிறது. 1978 இல் எழுதப்பட்ட அந்த வாசகத்தில் குற்றம் காண இடமில்லை. அப்படி இடமில்லாமல் இருப்பதுதான் நெடுநாளாக என்னை உறுத்துகிறது. வாசகம் இவ்வளவு சுத்தமாக இருக்கையில் அநீதி எந்த வழியாக உள்ளே வருகிறது? அதே அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையைச் சேர்த்து வாசித்தால் அந்த உறுத்தலுக்கு ஓர் உருவம் கிடைக்கிறது. சமத்துவம் மீறப்பட்டவர் போகவேண்டிய இடம் ஒன்றே ஒன்று, கொழும்பு புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றம். போகவேண்டிய காலமும் அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது: மீறல் நடந்து ஒரு மாதம். அந்த உறுப்புரையில் இன்னொரு கால அளவும் உண்டு. தாக்கல் செய்யப்பட்ட மனுவை நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். இந்த இரண்டு கால அளவுகளுக்கும் நீதிமன்றங்கள் காலப்போக்கில் தந்த பொருளைப் பாருங்கள். மனுதாரரின் ஒரு மாதம் கட்டாயமானது. தவறினால், மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, கதவு மூடிவிடும். நீதிமன்றத்தின் இரண்டு மாதமோ வழிகாட்டல் மட்டுமே, தவறினால் ஒன்றும் ஆகாது. சட்டத்தின் முன் சமத்துவத்தைப் பற்றி எனக்குச் சொல்லவேண்டியிருப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். செல்வமும் அதிகாரமும் தீர்ப்பை விலைக்கு வாங்குவது அரிது. அவை வாங்குவது காலத்தை. தங்களுக்கு வேண்டியபோது நாட்களையும், எதிர்த்தரப்புக்கு என்று வரும்போது வருடங்களையும் வாங்கிவிடுகின்றன.

ஈச்சிலம்பற்றிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகலாற்றுக்கு வடக்கே, வயலும் களப்பும் கடலும் நெருக்கிப் பிடித்திருக்கும் நிலம் அது. பக்கத்து நீதிமன்றம் மூதூரில். மேல் நீதிமன்றம் திருகோணமலை நகரில். கிண்ணியாப் பாலம் 2009 இலும், கங்கை, இறால்குழி, உப்பாறுப் பாலங்கள் 2011 இலும் திறக்கப்படும் வரைக்கும் நகருக்குப் போவதென்றால் ஒவ்வொரு துறையிலும் பாதை எனும் மிதவைக்குக் காத்து நின்று கடக்க வேண்டும், அல்லது மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுக்கு நிற்க வேண்டும். காற்று கிளம்பினால் அதுவும் இல்லை. அங்கிருந்து புதுக்கடை இன்னும் 250 கிலோமீட்டருக்கு மேல். அரசியலமைப்பின் ஒரு மாதம் கொழும்பு கறுவாத்தோட்டத்தில் இருப்பவருக்கும் இந்த மண்ணில் இருப்பவருக்கும் ஒரே முப்பது நாள்தான் என்று வாதிடலாம். ஆனால் 2006 ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவைப் புலிகள் மூடினார்கள். கல்லாறு, சேருவில பக்கத்துச் சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகளின் வாய்க்கால் வறண்டது. அதைத் தொடர்ந்து வந்த போரில் ஈச்சிலம்பற்றும் மூதூர் கிழக்கும் வெறிச்சோடின. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வாகரைக்கு ஓடி, அங்கும் ஷெல் விழ, காட்டையும் களப்பையும் கடந்து மட்டக்களப்பு முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தறப்பாள் கொட்டிலில் அரிசி நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கும் ஒருவருக்கு, தன் உரிமை எந்தத் தேதியில் மீறப்பட்டது, முப்பதாம் நாள் என்றைக்கு என்று கணக்குப் பார்க்கும் வசதி ஏது? மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் சட்டம் ஒரு சிறு திறப்பை வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அதைப் பயன்படுத்தவும் அதை அறிந்திருக்க வேண்டும், அலுவலகம் உள்ள நகருக்குப் போக வேண்டும், சோதனைச்சாவடியில் போகும் காரணத்தைச் சொல்லத் துணிவும் வேண்டும்.

அதே மண்ணின் வடக்கில் சம்பூர் இருக்கிறது. காலத்தை வாங்குவது எப்படி என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வழக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2006 இல் ஊரைவிட்டு ஓடிய சம்பூர் மக்கள் திரும்பி வருவதற்குள், 2007 மே 30 ஆம் திகதிய வர்த்தமானி மூதூர் கிழக்கையும் சம்பூரையும் உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கியது. இடம்பெயர்ந்தவர்கள் சிலரும் கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் உயர் நீதிமன்றம் போனார்கள். மனுக்கள் முழு விசாரணைக்கே எடுக்கப்படவில்லை, அந்த ஜூலையிலேயே முடிந்துபோயின. போர் முடிந்தது. 2012 இல் அதே நிலத்தில் 818 ஏக்கரைக் கனரகக் கைத்தொழில் வலயமாக்கி முதலீட்டுச் சபைச் சட்டத்தின் கீழ் இன்னொரு வர்த்தமானி வந்தது. நிலம் ஸ்ரீலங்கா கேட்வே இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பனிக்கு ஒதுக்கப்பட்டது. பாதுகாப்புக்கு என்று சொல்லி மூடிய நிலம் முதலீட்டுக்குத் திறந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் தகரக் கூரைக்குக் கீழே இருந்தார்கள். ஆட்சி மாறிய பிறகு, 2015 மே மாதத்தில், ஜனாதிபதி சிறிசேன அந்த ஒதுக்கீட்டை ரத்துச் செய்தார். உடனே கம்பனி உயர் நீதிமன்றம் போனது. சில வாரங்களுக்குள் ஜனாதிபதியின் ரத்து உத்தரவு இடைநிறுத்தப்பட்டது. அதே நீதிமன்றம், அதே 12 ஆம் உறுப்புரை, ஏறத்தாழ அதே நிலம். ஒரு தரப்பின் கோரிக்கை விசாரணை வரைக்கும் போகவில்லை. மறுதரப்புக்கு உடனடியாக இடைக்காலப் பாதுகாப்புக் கிடைத்தது.

இதற்கு மறுப்பு உண்டு, அது பலமான மறுப்பும்கூட. 2015 ஜூலையில் அந்த இடைக்கால உத்தரவை நீதிமன்றமே நீக்கியது. ஓகஸ்டில் சம்பூர் மக்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். 2016 இல் கடற்படை முகாம் இருந்த நிலமும் விடுபட்டது. அங்கே கட்டுவதாக இருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம், சுற்றாடல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கின்போது, கைவிடப்பட்டதாக அரசு நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஆகவே சட்டம் தாமதமாகவேனும் எளியவர் பக்கம் வந்து சேர்ந்தது அல்லவா? 2007 மனு போரின் நடுவே வந்தது, பாதுகாப்பு விடயத்தில் தலையிட எந்த நீதிமன்றமும் தயங்கும் என்றும் சொல்லலாம். நான் இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் கதவைத் திறந்தது எது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உறுதிப்பத்திரத்தில் இருந்த பெயர்களும் மாறவில்லை. மாறியது கையொப்பமிடும் ஜனாதிபதி. ஒரு கையொப்பத்தால் பறிபோன நிலம் இன்னொரு கையொப்பத்தால் திரும்பி வந்தது. உரிமை என்று ஒருவர் நம்பியிருந்தது சலுகையாகக் கைக்கு வந்தது. இடையில் போன ஒன்பது வருடத்தை எவரும் திருப்பித் தரவில்லை. முகாமிலே பிறந்த பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டது, கிணறுகள் தூர்ந்தன, வேலியும் எல்லைக்கல்லும் போயின. கம்பனிக்கும் அதே வருடங்கள்தான் கழிந்தன என்றால், இழப்பு அதன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக நின்றுவிடும். அதைத் தாங்குவதற்கென்றே முதலீடு என்ற ஒன்று இருக்கிறது. முகாமில் இருந்தவருக்கு வருடம்தான் முதல்.

சம்பூரில் போனது நிலம். கிளிவெட்டிக்குப் பக்கத்திலுள்ள குமாரபுரத்தில் போனது உயிர். 1996 பெப்ரவரி 11 மாலை அங்கே இராணுவத்தினர் 20க்கும் மேற்பட்ட தமிழர்களைச் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். பெண்களும் சிறுவர்களுமே அதிகம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வழக்கில் அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. படையினர் கைதானார்கள், மூதூர் நீதவான் முன் அடையாள அணிவகுப்பு நடந்தது, ஊரவர்கள் வந்து முகம் பார்த்துக் காட்டினார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அந்த முகாம்களின் நிழலிலேயே வாழ்ந்துகொண்டு அப்படிக் காட்டியது சாதாரணத் துணிவல்ல. பிறகு வழக்கு திருகோணமலை மேல் நீதிமன்றம் போய், எதிரிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 2016 ஜூலை 27 அன்று, சிங்களம் பேசும் ஜூரிகள் முன் நடந்த விசாரணையின் முடிவில், ஆறு முன்னாள் கோப்ரல்கள் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். இருபது வருடமும் ஐந்து மாதமும். அந்த ஆறு பேரும்தான் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தங்கள் முன் வைக்கப்பட்ட சாட்சியத்தைக் கொண்டு ஜூரிகள் நேர்மையாகவே முடிவு செய்திருக்கலாம். ஆனால் சாட்சியம் என்பது காலத்தோடு கரையும் பொருள். முப்பது வயதில் பார்த்த முகத்தை ஐம்பது வயதில் அடையாளம் சொல்ல வேண்டும், அதுவும் தன் மொழி பேசாத ஊரில், மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே. குறுக்கு விசாரணையில் ஒரு திகதி பிசகினால் முழுச் சாட்சியமும் ஆடும். எதிரிகளின் பாதுகாப்புக்காக ஒரு வழக்கை ஊர்விட்டு ஊர் நகர்த்தத் தெரிந்த சட்டத்துக்கு, சாட்சிகளின் வயதுக்காக அதை வேகப்படுத்தத் தெரியவில்லை. அவர்கள் ஆறு பேரும் இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி அன்று எழுந்திருக்க வேண்டும். கொன்றது யார் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு விடுதலைத் தீர்ப்போடு தீர்ந்துபோவதில்லை.

கிழக்கில் வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி. வழக்குரை படிக்கும் குரல் இரவெல்லாம் கேட்கும். ஒரு வழக்கு ஆண்டுதோறும் சடங்காக மறுபடி உரைக்கப்படும் நிலத்தில், நீதி பற்றிய நினைவு அந்தக் கதையிலேதான் ஊறிக் கிடக்கிறது. வழக்கமாக நாம் அதில் கண்ணகியின் சீற்றத்தைப் பார்க்கிறோம், பாண்டியனின் மரணத்தைப் பார்க்கிறோம். சிலப்பதிகாரத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் வேறு. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அவளை மடக்க ஒரு பொய் போதும். ஆனால் அரசன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று உள்ளதைச் சொல்கிறான், கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவந்து அவள் முன் வைக்கச் சொல்கிறான். தவறான தீர்ப்புக் கொடுத்த அரசன்தான் அவன். என்றாலும் தனக்கு எதிரான சான்றைத் தானே எடுத்து வைத்தான், அதையும் முறையிட்ட அன்றே செய்தான். வழக்கு தீர்ந்தது அவளுடைய கற்பின் வலிமையால் என்று சொல்வார்கள். சான்று அரசன் கையில் இருந்தும் அது ஒளிக்கப்படவில்லை என்பதும் அதற்கு ஈடான காரணம்.

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்துவிட்டது என்று படைத்தரப்பு சொன்னது. பிரேத அறையில் எடுத்த படங்கள் தலையில் பாய்ந்த துப்பாக்கிச் சூட்டைக் காட்டின. அந்தப் படங்களை எடுத்த சுடர் ஒளிப் பத்திரிகையாளர் சுகிர்தராஜன், அந்த மாதமே, 24 ஆம் திகதி, நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கண்ணால் கண்டவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். சாட்சிகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது 2015 இல்தான். 2019 ஜூலை 3 அன்று, விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. நீதவான் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், சட்டப்படி அநேகமாக ஒன்றுமில்லை. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் சட்டம் தன் விதிப்படியே நடந்திருக்கலாம். ஆனால் யார் எந்தக் காவலரணில் நின்றார், எந்தத் துப்பாக்கி யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்த வாகனம் எப்போது வெளியே போனது என்ற பதிவு எல்லாம் ஒரு தரப்பின் அலுமாரியில் இருக்கிறது. மறுதரப்பிடம் இருந்தது மனிதர்களின் கண்ணும் நாக்கும். முதலாவதை மறைக்கலாம், இரண்டாவதைப் பயமுறுத்தலாம். வழக்குத் தொடுக்கும் சட்டமா அதிபரே அரசின் சட்ட ஆலோசகரும் என்பதால், அந்த அலுமாரியைத் திறக்கச் சொல்ல வேண்டியவரும் அதற்குக் காவல் இருப்பவரும் ஒரே திணைக்களத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூதூரில் அதே வருடம் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்ட வழக்கும் இதே சேற்றில்தான் கிடக்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளேயே இன்னொரு பெயர் இருக்கிறது: கன்சைட். 2008, 2009 இல் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்தில் கடத்தப்பட்ட 11 பேர் கடற்படைத் தளத்தின் அந்த நிலவறைகளில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஐக்கிய நாடுகளின் காணாமற்போனோர் பற்றிய செயற்குழு 2015 இல் அந்த அறைகளை நேரில் பார்த்தது. 2019 இல் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட உட்பட 14 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர் அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். 2021 இல் அவருக்கெதிரான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். அந்த டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார். அவர்மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். நீதிமன்றம் போனது அவருடைய உரிமை, நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நிரூபிக்கப்படாமல் இருப்பதற்கும் நிரூபிக்க விடப்படாமல் இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கும் வாய்ப்பு, காணாமற்போன பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு விசாரணை மண்டபத்தில் கிடைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் இனப் பிரச்சினை, செல்வம் அதிகாரம் என்று பொதுவாகப் பேசி அதை நீர்த்துப்போகச் செய்கிறாய் என்று என் பக்கத்திலிருந்தே சிலர் சொல்லக்கூடும். இனம் இதில் இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் யாருடைய வருடங்களைத் தின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். குற்றப்பத்திரிகை இல்லாமல் 18 மாதம் தடுத்து வைக்க அது இடம் கொடுத்தது. 2022 திருத்தம் அதைப் 12 மாதமாக்கியது. ஆனால் 2013 இல் ரத்துபஸ்வலவில் குடிக்க நல்ல தண்ணீர் கேட்டு வீதிக்கு வந்த சிங்களக் கிராமத்தவர்மீது அதே இராணுவம் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். அந்த வழக்கும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களைப் பார்த்தால், தண்டனை பெற்று உள்ளே வருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தண்டப்பணம் கட்ட முடியாமல் வருகிறவர்கள் என்பது வருடா வருடம் தெரிகிறது. கசிப்பு வழக்கிலும் சிறு களவிலும் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தண்டம்தான் விதிக்கப்படுகிறது. சட்டைப்பையில் காசு இருப்பவர் கட்டிவிட்டு வெளியே போய்த் தேநீர் குடிக்கிறார், இல்லாதவர் அந்தத் தொகையை நாட்களாகக் கொடுக்கிறார். தமிழனோ சிங்களவனோ முஸ்லிமோ, பணம் இல்லாதவனிடம் சட்டம் காலத்தை நாணயமாக வசூலிக்கிறது. இனம் அந்த வசூலை இங்கே பன்மடங்காக்குகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுதாகும்.

இன்னொரு மறுப்பு அண்மைக் காலத்தில் வலுத்திருக்கிறது: காலம் மாறிவிட்டது, இப்போது பெரியவர்களையும் சட்டம் தொடுகிறது. மெய்தான். கொலைக்குத் தண்டனை பெற்ற அரசியல்வாதி துமிந்த சில்வாவுக்குக் கொடுக்கப்பட்ட ஜனாதிபதி மன்னிப்பையும், றோயல் பார்க் அடுக்குமாடிக் கொலையாளிக்குக் கொடுக்கப்பட்ட மன்னிப்பையும் உயர் நீதிமன்றம் 2024 இல் செல்லாதவை ஆக்கியது. இரண்டாவதில் மன்னித்த முன்னாள் ஜனாதிபதியே நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. பொருளாதாரத்தைச் சரித்தவர்கள் 12 ஆம் உறுப்புரையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2025 ஓகஸ்ட் 22 இல் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைதானார். இவை சிறு விடயங்கள் அல்ல, இவற்றைக் கண்டு நான் மகிழ்கிறேன். ஆனால் 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஒரு குழந்தை உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன்ட்டுக்கும் 2020 மார்ச்சில் மன்னிப்புக் கிடைத்தது. மற்ற இரண்டு தீர்ப்புகளும் வந்தபோது, அந்த மன்னிப்பை எதிர்த்த மனுக்கள் இன்னும் முடிவு காணாமலே கிடந்தன. விக்கிரமசிங்க நான்கு நாட்களில் பிணையில் வந்தார். அது அவருக்குச் சட்டப்படி உரியதே. அந்த நான்கு நாள், மெகசின் சிறையில் வருடக்கணக்கில் இருந்த அரசியல் கைதிக்கும் ஏன் உரியதாக இருக்கவில்லை என்பதுதான் கேள்வி. மேலிருப்பவரின் கழுத்துக்கும் கயிறு எட்டுவதைச் சமத்துவம் என்று கொண்டாடுவது எனக்குப் போதவில்லை. அவருக்குக் கிடைக்கும் வேகம், சட்டத்தரணி, ஊடகத்தின் கண் ஆகியவை வெருகல் கரையிலிருப்பவருக்கும் எட்ட வேண்டும்.

செய்யக்கூடியவை சில உண்டு. அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதத்தை நீட்டலாம். மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு 13 ஆம் திருத்தத்தின் மூலம் எழுத்தாணை அதிகாரம் கிடைத்தது போல, அடிப்படை உரிமை வழக்குகளைக் கேட்கும் அதிகாரத்தையும் கொடுத்தால், ஈச்சிலம்பற்றுக்காரர் திருகோணமலையில் தன் மொழியிலேயே வழக்காடலாம். வழக்குத் தொடுக்கும் அலுவலகத்தைச் சட்டமா அதிபரிடமிருந்து பிரிக்கலாம். இவற்றால் எல்லாம் தீரும் என்று நான் நம்பவில்லை, நீதிமன்றம் பக்கத்தில் வந்தாலும் போகும் வழியில் முகாம் அங்கேயேதான் இருக்கும். என்றாலும் குமாரபுரத்தைப் பற்றி யோசிக்கும்போது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவு நினைவுக்கு வருகிறது. மற்றக் குற்றங்களுக்கு இருபது வருடம் கடந்தால் வழக்கில்லை என்று சொல்லும் அந்தப் பிரிவு, கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் மட்டும் கால எல்லை எதுவும் வைக்கவில்லை. 1996 இல் அங்கே உயிர் தப்பிய பிள்ளைகளுக்கு இப்போது முப்பதும் நாற்பதும் கடந்துவிட்டது. அன்று மாலை அந்த ஊருக்குள் யார் யார் போனார்கள் என்ற பதிவேட்டை வெளியே எடுக்கவும், அந்தப் பிள்ளைகளிடம் மறுபடி வாக்குமூலம் வாங்கவும், பொலிஸுக்கு இன்றைக்கும் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.